பதில் சொல்லாதவன் அரசனா?

ஒரு கணினியின் இயங்குதளத்துக்குள் இருந்துகொண்டு, "இதைக் கேட்பவர் யார்? இதைச் செய்வதற்கு இவருக்கு உரிமை உண்டா?" என்று விசாரித்துச் சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்ட ஒரு சேவை, தனது கேள்விக்குப் பதில் கிடைக்காத ஒரு சந்தர்ப்பத்தில், "அப்படியானால் இவர் அரசராகத்தான் இருக்கவேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிக் கதவைத் திறந்துவிடத் தயாராக இருந்தது. ஒரு நாள் இரண்டு நாட்கள் அல்ல, அந்தத் தவறு ஏழு ஆண்டுகளாக அதன் நிரலுக்குள் குடியிருந்தது. 2021 ஜூன் மாதத்தில்தான் அது பகிரங்கத்துக்கு வந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் பல வகைகளில் இயல்பாகவே இடம்பெறுகின்ற 'பொல்கிட்' என்ற சேவையைப் பற்றித்தான் கூறுகின்றேன். குறைபாட்டைக் கண்டுபிடித்தவர் கிட்ஹப் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கெவின் பேக்ஹவுஸ். அதற்கு வழங்கப்பட்ட பதிவிலக்கம் சி.வி.ஈ. 2021-3560.

இத்தகைய செய்திகள் எமது பத்திரிகைகளின் ஆசிரியபீடங்களை எட்டும்போது என்ன நடக்கும் என்பதை நான் நன்கறிவேன். தொழில்நுட்பப் பக்கத்தின் கீழ்மூலையில் இரண்டு பந்திகள், 'ஹெக்கர்கள்' என்ற ஒரு சொல், முகமூடியணிந்து விசைப்பலகைக்கு முன்னால் குனிந்திருக்கும் ஒருவரின் படம், அவ்வளவுதான். வாசகர் அதை வாசித்துவிட்டு, இது ஏதோ மந்திரவாதிகளின் விவகாரம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த எண்ணத்தைக் கலைப்பதற்காகவே இதை எழுதுகின்றேன். நான் கணினிப் பொறியியலாளன் அல்ல. கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆனால், இந்தக் குறைபாட்டை விளங்கிக்கொள்வதற்குப் பொறியியல் பட்டம் அவசியமில்லை. ஒரு கந்தோரின் வாசலில் காத்துநின்ற அனுபவம் இருந்தால் போதும்.

முதலில், அந்தச் சேவையின் வேலை என்ன என்பதைப் பார்ப்போம். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. பெயர் எமது வசதிக்கானது, இயங்குதளம் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண்களிலே பூச்சியம் என்ற எண்ணுக்கு உரியவர் 'ரூட்' எனப்படும் முழு அதிகாரம் படைத்த பயனர். எந்தக் கோப்பையும் அவர் வாசிக்கலாம், எதையும் அழிக்கலாம், எவரையும் சேர்க்கலாம், எவரையும் நீக்கலாம். எமது பேச்சுவழக்கில் பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். யுனிக்ஸ் மரபிலே பூச்சியம்தான் மன்னன். இந்த விநோதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கின்றது.

சாதாரண பயனர் ஒருவர் கணினியில் ஒரு புதிய கணக்கைத் திறக்க விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குகளுக்குப் பொறுப்பான சேவையிடம் அவர் கோரிக்கையை அனுப்புகின்றார். அந்தச் சேவை தானாக முடிவெடுப்பதில்லை. "இவருக்கு இதைச் செய்துகொடுக்கலாமா?" என்று பொல்கிட்டிடம் கேட்கின்றது. புதிய கணக்கொன்றைச் சேர்க்க முற்படும்போது திரையில் ஒரு பெட்டி தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்பதை லினக்ஸ் பாவிப்பவர்கள் கண்டிருப்பார்கள். அதன் பின்னால் இருந்து தீர்மானிப்பது பொல்கிட்தான். இந்தச் சேவைகளுக்கிடையிலான கடிதப் போக்குவரத்து எல்லாம் 'டி-பஸ்' என்ற ஒரு தபால் நிலையத்தின் ஊடாக நடைபெறுகின்றது. கோரிக்கை அனுப்பியவர் யார் என்பதை அறிய வேண்டுமானால் பொல்கிட் அந்தத் தபால் நிலையத்திடம்தான் விசாரிக்கவேண்டும். "இந்தக் கடிதத்தை அனுப்பியவரின் பயனர் எண் என்ன?" என்று அது கேட்கும், தபால் நிலையம் எண்ணைச் சொல்லும்.

கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, விசாரணை தொடங்குவதற்கு முன்னர் அனுப்பியவர் மறைந்துவிட்டால்? தபால் நிலையம், "அப்படி ஒருவர் இப்போது இங்கே இல்லை" என்று ஒரு பிழைச்செய்தியைத் திருப்பி அனுப்பும். அதன் பொருள் தெளிவானது. அடையாளம் உறுதிப்படவில்லை, ஆகவே கோரிக்கையை நிராகரிக்கவேண்டும். பொல்கிட்டின் நிரலில் இந்த விசாரணை ஓரிடத்தில் மட்டும் நடைபெறுவதில்லை, பல இடங்களில் நடைபெறுகின்றது. அவற்றில் பெரும்பாலான இடங்களில் பிழைச்செய்தி சரியாகவே கையாளப்பட்டது. ஒரேயோர் இடத்தில் மாத்திரம் அது கவனிக்கப்படவில்லை. பிழை நேர்ந்தது என்பதைக் கவனியாமல், "விசாரணை முடிந்தது" என்றே அந்தப் பகுதி அறிவித்தது. பயனர் எண்ணை எழுதுவதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் எவரும் எதையும் எழுதவில்லை. அங்கே ஆரம்பத்திலிருந்தே கிடந்த பெறுமதிதான் பதிலாகப் போய்ச்சேர்ந்தது. அந்தப் பெறுமதி பூச்சியம். பூச்சியம் யார்? மன்னன்.

நிரப்பப்படாத படிவத்தை வைத்துக்கொண்டு, வெற்றிடத்தில் "மாட்சிமை தங்கிய மன்னர்" என்று வாசித்த எழுதுவினைஞரைப் போன்றதுதான் இது.

இதைப் பயன்படுத்துவதற்கு அபூர்வமான கருவிகள் எவையும் தேவைப்படவில்லை. இயங்குதளத்துடன் சேர்ந்தே வருகின்ற இரண்டு மூன்று சாதாரணக் கட்டளைகளே போதுமாக இருந்தன. கோரிக்கையை அனுப்புவதற்கு ஒன்று, அனுப்பிய நிரலைப் பாதியிலேயே கொன்றுவிடுவதற்கு இன்னொன்று. பேக்ஹவுஸ் காட்டிய உதாரணத்தில் கோரிக்கை முழுமையாக நிறைவேற ஏறத்தாழ 16 மில்லி செக்கன்கள் எடுத்தன. அவர் 8 மில்லி செக்கன்களில் அதைக் கொன்றார். முதல் தடவையே பலிக்கும் என்றில்லை, சில தடவைகள் முயலவேண்டும். பலித்ததும் நிர்வாக அதிகாரம் கொண்ட ஒரு புதிய கணக்கு உருவாகிவிடும். அதே தந்திரத்தை மீண்டும் பிரயோகித்து அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லையும் வைத்துவிடலாம். பிறகு முழுக் கணினியும் அவருடையது. நேற்று வரை ஒரு மூலையில் சாதாரண பயனராக இருந்தவர் இன்று ரூட். இதைத்தான் ஆங்கிலம் அறிந்தவர்கள் அதிகாரப் படியேற்றம் என்ற பொருள்பட அழைக்கின்றார்கள். திருத்தமோ ஒரு சில வரிகளுக்கு மேற்பட்டதல்ல. "பிழை நேர்ந்திருந்தால் இத்துடன் நிறுத்து" என்பதே அதன் சாராம்சம்.

குறைபாடு எல்லா இடங்களிலும் ஏழு வருடங்கள் இருந்தது என்று நான் கூறவில்லை. ஃபெடோரா போன்றவற்றில் அது முன்னரே புகுந்துவிட்டது. உபுண்டுவின் 18.04 பதிப்பில் அது இருக்கவில்லை, 20.04 பதிப்பில் இருந்தது. ரெட் ஹட் நிறுவனத்தின் ஏழாவது பதிப்பு தப்பியது, எட்டாவது பதிப்பு அகப்பட்டது. அதாவது, பழையதை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், ஒழுங்காகப் புதியதுக்கு மாறியவர்கள் அகப்பட்டார்கள். இந்தக் கொடுமையையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

இனி நான் வாதாட வந்த விடயத்துக்கு வருகின்றேன். இத்தகைய குறைபாடு ஒவ்வொன்றும் வெளிவரும்போது மூன்று சமாதானங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மூன்றையும் பல தடவைகள் கேட்டாயிற்று. மூன்றும் ஏற்கத்தக்கவையல்ல.

முதலாவது சமாதானம், "இது உள்ளிருப்பவர் மாத்திரமே செய்யக்கூடியது, ஆகவே அவசரமில்லை" என்பது. ஒரு செய்தி அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்த இளைஞர் ஒருவரிடம் இத்தகையதொரு குறைபாடு பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது உள்ளுக்கை இருக்கிறவன் செய்யிற வேலை அண்ணை, வெளியிலயிருந்து ஒருத்தரும் வரேலாது." அந்த அலுவலகத்தில் பயிலுநர்களும் பகுதிநேரச் செய்தியாளர்களும் பக்க வடிவமைப்பாளர்களும் ஒரே கணினிகளை மாறிமாறிப் பாவித்தார்கள். அதே கணினிகளில்தான் செய்தியாளர்களுக்குத் தகவல் தந்தவர்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் கிடந்தன. எமது நாட்டில் ஒரு காலகட்டத்தில் அந்தப் பெயர்ப்பட்டியலின் பெறுமதி ஓர் உயிர். உள்ளிருப்பவர் என்றால் நம்பத்தகுந்தவர் என்று எவர் சொன்னது? ஒரு நிறுவனத்துக்குள் அதிகாரங்கள் ஏன் பங்கிடப்பட்டிருக்கின்றன? உள்ளிருப்பவர்கள் எல்லோரையும் எல்லாவற்றிலும் நம்பமுடியாது என்பதற்காகத்தானே?

அத்துடன், வெளியிலிருந்து வருபவரும் ஒரே பாய்ச்சலில் மன்னராவதில்லை. கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஓர் இணையத்தளத்தின் ஓட்டை வழியாக முதலில் அவர் கணினிக்குள் கால்வைப்பார். அப்போது அவருக்குக் கிடைப்பது எந்த அதிகாரமும் இல்லாத ஓர் அற்பக் கணக்கு. அங்கிருந்து மேலே ஏறுவதற்கான ஏணிதான் இத்தகைய குறைபாடு. மதில் பாய்ந்தவனுக்கு அலுமாரியின் சாவியும் கிடைத்தாற்போல. இதைக் கற்பனை என்று எவரும் தட்டிக்கழிக்கமுடியாது. உண்மையிலேயே தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்டவை என்று உறுதியான குறைபாடுகளை அமெரிக்க அரசாங்கத்தின் இணையப் பாதுகாப்பு முகவரகமான சீசா ஒரு பட்டியலில் சேர்த்துவருகின்றது. பொல்கிட்டின் இந்தக் குறைபாடு 2023 மே மாதத்தில் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. திருத்தம் வெளியாகி ஏறத்தாழ இரண்டு வருடங்களுக்குப் பிறகு! இரண்டு வருடங்களாகத் திருத்தத்தை வாங்கிப் பொருத்தாதவர்கள் அவ்வளவு பேர் இருந்திருக்கின்றார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் இல்லை.

இரண்டாவது சமாதானம் திறந்த மூல மென்பொருள் அன்பர்களுடையது. நிரல் எல்லோருடைய பார்வைக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது, ஆயிரமாயிரம் கண்கள் பார்க்கின்றன, ஆகவே எந்தப் பிழையும் நெடுநாள் ஒளிந்திருக்கமுடியாது என்பது அவர்களது வேதம். எரிக் றேமண்ட் 1997 இல் முன்வைத்த இந்தக் கருத்துக்கு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரையே சூட்டி ஒரு விதியாக்கிவிட்டார்கள். திறந்த மூலத்தின் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. தமிழைக் கணினியில் ஏற்றுவதற்கு அது செய்த உதவியை எவரும் மறக்கமுடியாது. ஆனால், மதிப்பு வேறு, மூடநம்பிக்கை வேறு.

பொல்கிட் பிழை வெளியாகி எட்டு மாதங்கள்கூடச் செல்லவில்லை. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே பொல்கிட்டின் ஒரு பகுதியான 'பிகேஎக்செக்' என்ற நிரலில் இன்னொரு குறைபாட்டை அறிவித்தார்கள். 'பவ்ன்கிட்' என்று பெயர் சூட்டப்பட்ட அது, 2009 மே மாதத்தில் அந்த நிரலின் முதற்பதிப்பு வெளிவந்த நாளிலிருந்தே அங்கு இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக! அந்த நிரலின் இந்த விசித்திர நடத்தையை 2013 ஆம் ஆண்டிலேயே ஒரு நிரலாளர் தமது குறிப்பொன்றில் சுட்டிக்காட்டியிருந்தார். அதைத் தாக்குதலாக மாற்றும் வழி அவருக்கு அப்போது புலப்படவில்லை. எழுதப்பட்டது எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தது, எவரும் எழுந்து சென்று கதவைப் பூட்டவில்லை. இதற்கு ஒரு வருடம் முன்னதாக, 2021 ஜனவரியில், அதே குவாலிஸ் நிறுவனம் 'சூடோ' என்ற கட்டளையில் கண்டுபிடித்த குறைபாடு 2011 ஜூலையிலிருந்து அங்கே இருந்தது. சூடோ என்பது லினக்ஸ் பாவிப்பவர்கள் நாளாந்தம் தட்டச்சு செய்கின்ற கட்டளை. ஆயிரம் கண்கள் இருந்தன என்பது மெய். அவை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

இதை வாசித்துவிட்டு, "அதனால்தான் பணம் கொடுத்து வாங்குங்கள் என்கின்றோம்" என்று கைதட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 28 ஆம் திகதி உலகம் அறிந்துகொண்ட செய்தி என்ன? அப்பிள் நிறுவனத்தின் 'ஹை சியெரா' இயங்குதளத்தில் பயனர் பெயராக ரூட் என்று எழுதி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டுவிட்டுச் சில தடவைகள் பொத்தானை அழுத்தினால் முழு அதிகாரமும் கிடைத்தது. முதல் முயற்சியிலேயே அந்த இயங்குதளம் உறங்கிக்கிடந்த ரூட் கணக்கைத் தட்டியெழுப்பி, வெற்றுக் கடவுச்சொல்லையே அதன் கடவுச்சொல்லாகப் பதிந்துகொண்டது. அடுத்த முயற்சியில் அதே வெற்றுக் கடவுச்சொல்லை ஏற்று வணங்கி வழிவிட்டது. அப்பிள் மறுநாளே திருத்தத்தை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. அவசரத்தில் வெளியான திருத்தமோ சிலருடைய கணினிகளில் கோப்புப் பகிர்வைக் குழப்பியது.

மைக்ரோசொப்ட்டின் கதையும் அதுதான். 2020 ஓகஸ்டில் திருத்தப்பட்டு, செப்டெம்பரில் செக்யூரா என்ற நெதர்லாந்து நிறுவனத்தினால் விபரங்கள் வெளியிடப்பட்ட 'ஸீரோலோகன்' குறைபாடு, விண்டோஸ் வலையமைப்புகளில் அடையாளத்தை உறுதிசெய்கின்ற 'நெட்லொகன்' முறையில் இருந்தது. எழுமாறாக அமையவேண்டிய ஓர் ஆரம்பப் பெறுமதியை எப்போதும் பூச்சியங்களாகவே வைத்திருந்தார்கள். அதனால் வெறும் பூச்சியங்களை அனுப்பிக்கொண்டிருந்தால் சராசரியாக 256 முயற்சிகளில் ஒன்று பலித்தது. அதற்குத் தேவைப்பட்ட நேரம் சில செக்கன்கள். பலித்ததும் ஒரு நிறுவனத்தின் முழு வலையமைப்பையும் ஆள்கின்ற கணினி கைக்குள் வந்தது. செப்டெம்பர் 18 ஆம் திகதி அமெரிக்க அரச திணைக்களங்களுக்கு அவசரக் கட்டளை பிறப்பிக்கப்பட்டு, 21 ஆம் திகதிக்கிடையில் திருத்தத்தைப் பொருத்துமாறு பணிக்கப்பட்டது. திறந்த வீடும் பூட்டிய வீடும் ஒரே நோயினால்தான் பீடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் காவலன் பூச்சியத்தைக் கண்டு சலாம் போட்டான்.

மூன்றாவது சமாதானம்தான் மிகவும் ஆபத்தானது. "இது ஒரு நிரலாளரின் சிறு கைப்பிழை, மனிதர்கள் தவறு செய்வது இயல்பு" என்பது அது. நிரலாளரைத் தூக்கில் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோடிக்கணக்கான வரிகளில் ஒரு வரி தவறுவது இயல்புதான். ஆனால், தவறும்போது கதவு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பது கைப்பிழையினால் தீர்மானிக்கப்படும் விடயம் அல்ல. அது கொள்கை. அந்தக் கொள்கை எழுதப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. 1975 இல் ஜெரோம் சோல்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் கணினியில் தகவல்களைப் பாதுகாப்பது பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையில் எட்டுக் கோட்பாடுகளை வகுத்தார்கள். அவற்றுள் ஒன்று, அனுமதி என்பது வெளிப்படையாக வழங்கப்படவேண்டும், வழங்கப்படாதவிடத்து மறுப்பே இயல்புநிலையாக இருக்கவேண்டும் என்பது. அந்த முறையில் பிழை நேர்ந்தால் உரிமையுள்ள ஒருவர் வாசலில் மறிக்கப்படுவார். அவர் சத்தம் போடுவார், பிழை உடனே தெரியவரும். மறுதலையான முறையில் பிழை நேர்ந்தால் உரிமையற்றவர் உள்ளே போய்விடுவார். அவர் சத்தம் போடமாட்டார். ஆகவே பிழை ஏழு ஆண்டுகள் தூங்கும், பன்னிரண்டு ஆண்டுகள் தூங்கும்.

இந்தக் கோட்பாட்டைப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குப் படிப்பிக்கின்றார்கள், பரீட்சையில் கேட்கின்றார்கள். பிறகு உலகின் கணினிகளில் வெற்றிடத்துக்கு மன்னனின் எண்ணைக் கொடுத்துவிட்டு, "கைப்பிழை" என்கின்றார்கள். கொள்கையைக் கடைப்பிடித்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கின்றது. பவ்ன்கிட் குறைபாடு, ஒரு நிரலை எந்தவிதமான உள்ளீட்டுப் பட்டியலும் இல்லாமல் வெறுமையாக இயக்குவதைப் பயன்படுத்தியது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அவ்வாறு வெறுமையாக இயக்குவதை அடியோடு மறுத்திருந்தது. ஆகவே அந்தத் தாக்குதல் அங்கே செல்லுபடியாகவில்லை. லினக்ஸின் கருவகம் இதற்குப் பரிகாரம் செய்துகொண்டது 2022 இல், வீடு எரிந்த பிறகு.

சரி, இந்தக் காவலர்களைப் பராமரிப்பவர்கள் யார்? உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்கள் எல்லாம் லினக்ஸின் மேல் தமது வர்த்தகத்தைக் கட்டியிருக்கின்றன. ஆனால், அடித்தளத்தில் கிடக்கின்ற, எவரும் பெயர்கூட அறியாத சின்னஞ்சிறு நிரல்களைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஓரிருவர். 2014 இல் 'ஹார்ட்பிளீட்' குறைபாடு வெளிவந்தபோதுதான், இணையத்தின் பெரும்பகுதிக்கு மறைகுறியாக்கம் வழங்கிய 'ஓபன்எஸ்எஸ்எல்' திட்டத்தில் முழுநேரமாக ஒரேயொருவர்தான் பணிபுரிந்தார் என்பது உலகுக்குத் தெரியவந்தது. அதற்குக் கிடைத்துவந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர்கள். அதிர்ச்சியடைந்த நிறுவனங்கள் ஒரு நிதியத்தை அமைத்தன. பத்து வருடங்கள் கழித்து, 2024 மார்ச்சில், 'எக்ஸ்ஸெட்' என்ற கோப்புச் சுருக்கும் நிரலுக்குள் எவரோ திட்டமிட்டு ஒரு பின்கதவைச் செருகியிருந்தது அம்பலமானது. களைத்துப்போன தனியொரு பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சில வருடங்கள் செலவழித்துப் பெற்றே அந்த வேலை செய்யப்பட்டிருந்தது. பத்து வருடங்களில் நாம் கற்ற பாடம் இவ்வளவுதானா? இலாபத்தை எடுப்பவர்கள் காவலனுக்குச் சம்பளம் கொடுக்கமறுத்தால், வாசலில் எவர் நிற்பார் என்பதை எவராலும் உத்தரவாதப்படுத்த இயலாது.

திருத்தம் எழுதப்பட்டால் மாத்திரம் போதாது, அது பொருத்தப்படவும் வேண்டும். இதற்கு எமது நாட்டில் கிடைத்த பாடம் கசப்பானது. அது மேலே சொன்ன குறைபாடுகளினால் நேர்ந்ததல்ல. ஆனால், பராமரிப்பைப் பற்றிய பாடம் ஒன்றுதான். 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் முகில் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் கணக்குகளில் அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்கமுடியாதவாறு அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். பாவனையில் இருந்தது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பான ஒரு மின்னஞ்சல் மென்பொருள். புதிய பதிப்புக்கு மாறும் யோசனை 2021 இலிருந்தே இருந்தது என்றும் நிதிப் பற்றாக்குறையினாலும் முன்னைய தீர்மானங்களினாலும் அது தாமதித்தது என்றும் விளக்கம் தரப்பட்டது. ஒரு நாட்டின் அரசாங்கம் மூன்று மாதங்களுக்கும் மேலான தனது கடிதங்களை இழந்தது. அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார் என்று எவருடைய பெயரும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய இன்னொரு காரணத்தையும் கூறிவைக்க விரும்புகின்றேன். இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளில் பல்லாண்டுகள் பணிபுரிந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் தடவைகள் எழுதிய ஒரு சொற்றொடர் 'இனந்தெரியாத நபர்கள்' என்பது. இனந்தெரியாத நபர்களினால் கடத்தப்பட்டார், இனந்தெரியாத நபர்களினால் சுட்டுக்கொல்லப்பட்டார், இனந்தெரியாத நபர்கள் அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள். அடையாளம் தெரியாதவர் என்றால் அதிகாரம் அற்றவர் என்றுதான் அகராதி சொல்லும். ஆனால், அடையாளம் தெரியாதவர்களுக்கே சகல அதிகாரங்களும் வாய்த்திருந்த ஒரு காலத்தை நாங்கள் கண்டோம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டியவர்கள் மறித்து வைக்கப்பட்டார்கள், இலக்கத்தகடு இல்லாத வாகனத்துக்கு வழி திறந்தது. "நீர் யார்?" என்ற கேள்விக்குப் பதில் வராதபோது, கேட்டவர் பணிந்து ஒதுங்கினால் அதன் விலை என்ன என்பதை எங்களுக்கு எவரும் படிப்பிக்கவேண்டியதில்லை. ஆகவேதான், பொல்கிட்டின் கதையை வாசித்தபோது அதை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. கணினியின் நிரலும் மனிதர்கள் எழுதிய சட்டம்தான். அடையாளம் தெரியாதவரை என்ன செய்வது என்பது எந்தச் சட்டத்துக்கும் முதற் பரீட்சை.

எனது கோரிக்கைகள் அதிகமில்லை. அடையாளம் காணும் சேவைகளை எழுதுகின்ற நிறுவனங்கள், அவை ஒழுங்காக இயங்கும்போது என்ன நடக்கின்றது என்று பரிசோதிப்பதுடன் நின்றுவிடாமல், பாதியில் அறுந்தால், பதில் வராவிட்டால், வெற்றிடம் வந்தால் என்ன நடக்கின்றது என்பதைப் பரிசோதித்து அதன் முடிவைப் பகிரங்கப்படுத்தவேண்டும். அந்த நிரல்களினால் பணம் சம்பாதிப்பவர்கள் பராமரிப்பாளர்களுக்கு உரிய ஊதியத்தை வழங்கவேண்டும், ஒவ்வோர் அனர்த்தத்துக்குப் பின்னரும் மலர்வளையம் வைப்பது போன்று நிதியம் அமைப்பது போதாது. எமது விபரங்களை வைத்திருக்கின்ற வங்கிகளும் வைத்தியசாலைகளும் அரச திணைக்களங்களும், ஒரு திருத்தம் வெளியாகி எத்தனை நாட்களில் அதைப் பொருத்துகின்றன என்று கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு. பத்திரிகையாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். முகமூடி அணிந்தவரின் படத்தைப் போடுவதை விட அது பயனுள்ள வேலை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கின்றேன். உங்களது கணினி "புதுப்பித்தல் காத்திருக்கின்றது" என்று சொல்லும்போது, "பிறகு பார்க்கலாம்" என்ற பொத்தானை அழுத்துகின்றீர்கள் அல்லவா? 2021 ஜூனில் அந்தப் பொத்தானை அழுத்தியவர்களில் சிலரின் வாசலில்தான், 2023 இலும் பதில் சொல்லாதவன் அரசனாக உள்ளே போய்க்கொண்டிருந்தான்.